கமால் ஹம்தான்: எகிப்தை நிலத்திலிருந்து வாசித்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தியப் புவியியலாளர் கமால் ஹம்தானைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அநேகமாக இரண்டு விஷயங்கள்தான் முதலில் வரும். ஒன்று, முப்பது ஆண்டுகள் ஒரு சின்ன வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தது. இன்னொன்று, அவர் இறந்த விதம். இரண்டும் முக்கியம்தான். ஆனால் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் அவர் எழுதியதைப் படிக்க இந்தக் கதைகளே தடையாகி விடுகின்றன. அதனால் இங்கே எழுத்துக்கு அதிக இடம் தந்திருக்கிறேன். கதைகளுக்கும் அவற்றின் இடத்தில் பதில் உண்டு.

கமால் ஹம்தான் யார்?

1928 பிப்ரவரி 4 அன்று, கெய்ரோவுக்கு வடக்கே கல்யூபிய்யா மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா கெய்ரோவின் பழைய இஸ்லாமியக் கல்விக்கூடமான அஸ்ஹரில் படித்த அரபு மொழி ஆசிரியர். கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் வளர்ந்து, அங்கிருந்த தவ்ஃபீகிய்யா பள்ளியில் படித்து, பிறகு பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுத்தார். நகரங்கள், நீர்ப்பாசனம், எண்ணெய், ஆப்பிரிக்கா, இஸ்லாமிய உலகம், சூயஸ் கால்வாய் என்று பலவற்றைப் பற்றி எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘எகிப்தின் ஆளுமை’ என்ற நான்கு பாகப் பெருநூலின் ஆசிரியர். தொழில்முறைப் புவியியலாளர் ஒருவரின் புத்தகம் சாதாரண வீடுகளின் அலமாரிக்குப் போய்ச் சேருவது எந்த நாட்டிலும் அபூர்வம். எகிப்தில் அது நடந்தது.

எங்கே படித்தார்? யாருடைய தாக்கம் இருந்தது?

இன்றைய கெய்ரோ பல்கலைக்கழகத்துக்கு அப்போது முதலாம் ஃபுஆத் மன்னரின் பெயர் இருந்தது. அங்கே 1948-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். ரெடிங் பல்கலைக்கழகத்தில் 1953-இல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள், நைல் கழிமுகத்தின் நடுப்பகுதி மக்கள்தொகை, அன்றும் இன்றும்.

ரெடிங் என்பதை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். யூரேசியாவின் உள்நிலத்தை ஆள்பவரே உலகை ஆள்வார் என்ற கோட்பாட்டைச் சொன்ன ஹால்ஃபர்ட் மெக்கிண்டர்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடியான கல்லூரியின் முதல் முதல்வர். ஹம்தான் அங்கே போவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை அது. ஆனால் தரை வல்லரசு, கடல் வல்லரசு என்று உலக அரசியலைப் பார்க்கும் கண் ஹம்தானின் எழுத்து முழுக்க இருக்கிறது. காலனி ஆதிக்க நாட்டில் கற்ற அந்தக் கருவியை, ஆதிக்கத்துக்கு ஆளான நாட்டின் பக்கம் நின்று அவர் பயன்படுத்தினார்.

இன்னொரு தாக்கம் பிரெஞ்சு மரபு. புவியியலாளர் விதால் தெ லா பிளாஷ் 1903-இல் பிரான்சை ஒரு மனிதரின் குணச்சித்திரம் போல எழுதிக் காட்டினார். ஒரு நாட்டுக்கு ‘ஆளுமை’ உண்டு என்று பேசும் வழக்கம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

நல்ல வேலையை ஏன் விட்டார்?

ஊர் திரும்பியதும் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1959-இல் இளம் ஆய்வாளர்களுக்கான அரசின் ஊக்கப் பரிசும் கிடைத்தது. அப்புறம் பதவி உயர்வில் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கருதினார். 1963-இல் ராஜினாமா. அப்போது வயது 35. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் திரும்பவே இல்லை.

இதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் உண்டு, தன்மானம் என்று சொல்பவர்களும் உண்டு. இழப்பு இரண்டு பக்கமும் இருந்தது என்பது என் எண்ணம். மாணவர்கள் ஒரு பெரிய ஆசிரியரை இழந்தார்கள். சக ஆய்வாளர்கள் எதிரே உட்கார்ந்து “இந்த இடம் தப்பு” என்று சொல்லும் வாய்ப்பை ஹம்தான் இழந்தார். அந்த இரண்டாவது இழப்பின் தடம் அவருடைய சில நூல்களில் தெரிகிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

முப்பது ஆண்டுகள் வெளியே வரவே இல்லையா?

சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டு கிடந்தார் என்று கற்பனை செய்ய வேண்டாம். நைலின் மேற்குக் கரையில், துக்கி பகுதியில், ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் சின்ன வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை. வசதிகள் மிகக் குறைவு, பார்க்க வருபவர்களும் மிகக் குறைவு. நேரத்தை எல்லாம் படிப்புக்கும் எழுத்துக்கும் கொடுத்தார். சம்பளம் தரும் வேலையோ ஆய்வு உதவியாளர்களோ கிடையாது. ஒரு ஆய்வு நிறுவனம் செய்ய வேண்டிய வேலையைத் தனி மனிதராகச் செய்தார். துறவி என்று அவரைக் கொண்டாடுவது எளிது. அந்த மேசையிலிருந்து வந்த பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், உழைப்பாளி என்று அழைப்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

‘எகிப்தின் ஆளுமை’ எப்படிப்பட்ட நூல்?

முதலில் 1967-இல் ஒரு கையடக்க நூலாக வந்தது. இஸ்ரேலுடன் நடந்த ஜூன் போரில் எகிப்து தோற்று, சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள சினாய் தீபகற்பம் பறிபோய், நாடே நிலைகுலைந்து நின்ற ஆண்டு அது. “நாம் யார், ஏன் இப்படி ஆனோம்” என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பதிலை ஒருவர் பாறை, வண்டல், ஆறு, கடற்கரை என்று தொடங்குகிறார். பிறகு அதையே பல மடங்கு விரித்து, 1980 முதல் 1984 வரை நான்கு பெரிய பாகங்களாக வெளியிட்டார்.

முதல் பாகத்தைத் திறந்தால் பாலைவனங்களும் பள்ளத்தாக்கும் கழிமுகமும்தான். நிலத்தின் எலும்புக்கூட்டை முழுதாகப் பார்க்காமல் மனிதர்களிடம் அவர் போகவே மாட்டார். அதற்குப் பிறகு மக்கள், ஆட்சி, பொருளாதாரம், கடைசியில் எகிப்து உலகத்தோடு கொண்டுள்ள உறவுகள் என்று போகும். நடை பல இடங்களில் கவிதைக்குப் பக்கத்தில் வரும். எதுகை, எதிர்ச்சொல், அடுக்கு என்று அரபு உரைநடையின் ருசி எல்லாம் இருக்கும். சில நேரம் சொல்லழகு வாதத்தை முந்திக்கொண்டு ஓடிவிடும் என்பதும் உண்மை.

சரி, அவருடைய மையக் கருத்து என்ன?

ஒரு நாட்டை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒன்று, அதன் உள்நிலம்: மண், நீர், விளைச்சல், மக்கள் நெருக்கம். மற்றொன்று, உலக வரைபடத்தில் அது நிற்கும் இடம்: யாருக்கு நடுவில், எந்த வழியில், எந்தக் கடல்களுக்கு அருகில். இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா, ஒன்றையொன்று கெடுக்கின்றனவா என்பதில்தான் ஒரு நாட்டின் கதை இருக்கிறது.

எகிப்தின் உள்நிலத்தைப் பாருங்கள். நாட்டின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் நெருக்கமாக வாழ்வது அதில் 4, 5 சதவீதத்தில்தான். அஸ்வானிலிருந்து கெய்ரோ வரை சுமார் 900 கிலோமீட்டருக்கு ஓர் ஒல்லியான பச்சைக் கோடு. அதற்கு வடக்கே விசிறியாக விரியும் கழிமுகம். இரண்டு பக்கமும் பாலை. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆக, போகும்போது நீரோட்டம், திரும்பும்போது பாய். ஒரே ஆற்றில் இரு திசையிலும் படகு செலுத்தலாம். இப்படி ஒரு நிலத்தில் மக்கள் சிதறி வாழ வழியில்லை. ஒரே மாதிரி உழுது, ஒரே மாதிரி விதைத்து, ஒரே வெள்ளத்துக்குக் காத்திருந்த மக்கள் நீண்ட காலமாக ஒரே சமுதாயமாக இறுகியது இதனால்தான் என்பது அவர் வாதம்.

உலகில் நிற்கும் இடமோ இதற்கு நேர்மாறானது. உள்நிலம் ஒதுங்கிக் கிடக்கிறது, நிற்கும் இடமோ ஆசியாவும் ஆப்பிரிக்காவும் சந்திக்கும் மூலை. ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் செங்கடல். ஆசியா, ஆப்பிரிக்கா, நைல், மத்தியதரைக் கடல் என எகிப்துக்கு நான்கு திசை உறவுகள் உண்டு என்றும், எந்த ஒன்றிலும் அது முழுதாகக் கரைந்துவிடவில்லை என்றும் ஹம்தான் சொல்கிறார். நாடு உள்ளே வலுவாக இருந்த காலங்களில் அந்த இடம் அதை மையமாக்கியது. வலுவிழந்தபோது அதே இடம் பாரசீகர், கிரேக்கர், ரோமர், உதுமானியர், 1798-இல் பிரெஞ்சுக்காரர், 1882-இல் பிரிட்டிஷார் என்று ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்து வந்தது.

இந்தப் பார்வை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு நாட்டை “வளமானது”, “ஏழை” என்று ஒரே சொல்லில் முடிக்காமல், உள்ளே என்ன இருக்கிறது, வெளியே யார் அதைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்க இது பழக்குகிறது.

நைல்தான் சர்வாதிகாரத்தை உண்டாக்கியது என்றாரா?

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய எகிப்திய வேளாண்மை பாத்திப் பாசனம். எத்தியோப்பிய மலைகளில் மழை பெய்து, கோடையின் கடைசியில் வெள்ளம் எகிப்துக்கு வரும். கரை கட்டிப் பிரித்த பெரிய பெரிய வயல்வெளிகளுக்குள் அந்த நீரை விடுவார்கள். வாரக்கணக்கில் நின்று வண்டலைப் படியவிட்ட பிறகு நீரை வடித்துவிட்டு, கோதுமை, பார்லி, மொச்சை என்று விதைப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே இருப்பவர் கரையை நேரம் தவறி உடைத்தால் கீழே இருப்பவருக்குச் சேதம். மேலே இருப்பவர் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் கீழே வறட்சி. ஒரே ஆறு, ஆயிரம் பங்காளிகள். நடுவர் இல்லாவிட்டால் ரத்தம் ஓடும். அந்த நடுவராக வந்ததுதான் மைய அரசு. நீரைப் பங்கிடுபவன் கையில் நிலமும், உழைப்பும், கடைசியில் உயிரும் போய்ச் சேர்ந்தன.

இந்த வரை, 1957-இல் கார்ல் விட்ஃபோகல் என்ற வரலாற்றாய்வாளர் கீழைநாட்டுக் கொடுங்கோன்மை பற்றி எழுதியதற்குப் பக்கத்தில்தான் ஹம்தான் நிற்கிறார். ஆனால் அதோடு அவர் நின்றுவிடவில்லை. கொடுங்கோன்மை எப்படித் தொடங்கியது என்று ஆறு விளக்கும். அது இன்னும் ஏன் தொடர்கிறது என்பதற்கு ஆற்றைக் கைகாட்ட முடியாது. ஆட்சியாளரைக் கடவுளாக்கும் பழக்கம் எகிப்தின் மிகப் பழைய நோய், அது மாறினால் ஒழிய வேறு எதுவும் உண்மையில் மாறாது என்று அவர் கோபத்தோடு எழுதுகிறார். நாட்டை நேசிப்பவர் அதன் மோசமான குணத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தேசப் பெருமை பேசுபவர்கள் அவரை மேற்கோள் காட்டும்போது இந்தப் பக்கங்களை வசதியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பாசனத்தின் வரலாற்றை 1961-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வறண்ட நிலங்கள் பற்றிய தொகுப்பில் ஆங்கிலத்திலும் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் காலத்தில் பருத்திக்காக ஆண்டு முழுவதும் நீர் தேவைப்பட்டது, 1861-இல் கழிமுகத் தடுப்பணை, 1902-இல் முதல் அஸ்வான் அணை என்று பாத்திப் பாசனம் படிப்படியாக எப்படி மறைந்தது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள இன்றும் அது நல்ல கட்டுரை.

எகிப்து நிற்கும் இடத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

மிளகு. இந்தியப் பெருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் சரக்கு செங்கடல் வழியாக எகிப்தில் ஏறி இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. ரோமர் காலத் துறைமுகமான பெரெனிகேயின் கோயில் வளாகத்தில் ஒரு ஜாடி நிறைய, 7.5 கிலோ கருமிளகு கிடைத்தது. அதற்கு வடக்கே குசைர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. (இவை ஹம்தானின் சான்றுகள் அல்ல, அவர் கருத்துக்குப் பொருந்துவதால் நான் சேர்த்தவை.)

1498-இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டுக்கு வந்தார். எகிப்தின் ஒரு பிடி மண்கூட மாறவில்லை. ஆனால் உலகில் அது நிற்கும் இடத்தின் மதிப்பு சரிந்தது. 1517-இல் அது உதுமானியர் கைக்குப் போனது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்ததும் மதிப்பு திரும்பி வந்தது, ஆனால் லாபம் வேறு யாருக்கோ போனது. 13 ஆண்டுகளில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. 1956-இல் அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கியதை, நாடு தன் இடத்தின் பலனைத் தானே பெறத் தொடங்கிய தருணமாக இந்தச் சட்டகத்தில் பார்க்கலாம். 1967 போரில் மூடிய கால்வாய் 1975 ஜூனில்தான் மறுபடி திறந்தது. அதே ஆண்டு ஹம்தானின் கால்வாய் பற்றிய நூலும் வந்தது.

சினாய் பற்றி அவர் சொன்னதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்களே?

ஆமாம். சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சினாயை வெறும் மணல்வெளி என்று நினைத்தவர்களோடு அவர் சண்டை போட்டார். அங்கே மூன்று தற்காப்புக் கோடுகளைக் காட்டினார். கிழக்கு எல்லையை ஒட்டி ஒன்று. மித்லா, கித்தி போன்ற மலைக்கணவாய்களின் ஊடாக நடுவில் இன்னொன்று. கடைசியாகக் கால்வாய். பாலஸ்தீனத்தைப் பிடித்தவர் முதல் கோட்டினை அச்சுறுத்துவார், நடுக்கோட்டினைப் பிடித்தவர் சினாயை ஆள்வார், சினாயை ஆள்பவர் கால்வாயை மிரட்டுவார், கால்வாய் போனால் நைல் பள்ளத்தாக்குக்கே ஆபத்து. இதுதான் சங்கிலி. ராணுவம் மட்டும் நின்றால் போதாது, அங்கே மக்கள் குடியேறி உழுது வாழ வேண்டும் என்பது அவருடைய முடிவு.

நகரங்களைப் பற்றி என்ன எழுதினார்?

அவருடைய ஆரம்பகாலப் பெயரே நகரப் புவியியலில் கிடைத்ததுதான். 1960-இல் கார்ட்டூம் நகரின் வளர்ச்சி பற்றியும், 1964-இல் புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் தலைநகரங்கள் பற்றியும் ஆங்கில ஆய்விதழ்களில் எழுதினார். கடற்கரையில் காலனி அரசு நட்ட துறைமுக நகரம் ஒரு சுதந்திர நாட்டின் தலைநகராக இருக்கலாமா என்ற கேள்வி பிறகு நைஜீரியா, தான்சானியா போன்ற நாடுகளில் நிஜமாகவே எழுந்தது.

கெய்ரோ பற்றிய அவர் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளத்தாக்கு முடிந்து கழிமுகம் விரியத் தொடங்கும் முடிச்சு அது. பண்டைய மெம்ஃபிஸ் அதற்குக் கொஞ்சம் தெற்கே. பிறகு தலைநகரங்கள் அங்கேயே அடுத்தடுத்து எழுந்தன: 641-இல் ஃபுஸ்தாத், 750-இல் அல் அஸ்கர், 870-இல் அல் கதாயி, 969-இல் அல் காஹிரா, அதாவது கெய்ரோ. வம்சங்கள் மாறின, மதம் மாறியது, மொழி மாறியது, தலைநகரம் மட்டும் திரும்பத் திரும்ப அந்த முடிச்சைச் சுற்றியே வந்தது. ஆனால் அதே கெய்ரோ நாட்டின் எல்லாச் சத்தையும் உறிஞ்சி வீங்குவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். விளைநிலத்தின் மேல் கட்டடம் எழும்புவது பற்றிய கவலை அவருடைய கடைசிக் காலக் குறிப்புகளில் அச்சமாகவே மாறிவிட்டது.

எகிப்தியர்கள் பாரவோன்களின் வாரிசுகளா, அரபுகளா? அவர் என்ன சொல்கிறார்?

பாரவோனிய எகிப்து தாத்தா, அரபு எகிப்து அப்பா என்கிறார். சண்டையை அப்படியே முடித்துவைக்கிறார். நாசர் காலத்து அரபு தேசியத்தில் அவருக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது. ஆனால் அரபு உலகத்துக்குள் எகிப்தின் தனிக்குணம் கரைந்து போவதை அவர் ஏற்கவில்லை. பின்னால் வந்த பலர் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க இன்னொன்றை மறுத்தார்கள், அவருக்கு அது தேவைப்படவில்லை.

அவரை மானிடவியலாளர் என்றும் சொல்வது ஏன்?

அவர் புவியியலில் மனிதக் குழுக்களின் தோற்றம், கலப்பு, ஒருமைப்பாடு எல்லாம் பெரிய பங்கு வகிக்கின்றன. அதோடு 1967 தொடக்கத்தில் ‘யூதர்கள்: மானிடவியல்’ என்ற சின்ன நூலை எழுதினார். இன்றைய யூதர்களில் பெரும்பாலோர் பண்டைய பாலஸ்தீன யூதர்களின் வழித்தோன்றல்கள் இல்லை, கஸார்கள் (காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்த துருக்கிய இனத்தார்) போன்ற மதம் மாறிய மக்களின் வழிவந்தவர்கள் என்பது அதன் வாதம். பாலஸ்தீனத்தின் மீது வம்சாவளி உரிமை கோரும் அரசியலை மறுக்க அவர் இதை எழுதினார்.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: இந்த வாதம் நிற்கவில்லை. தலை வடிவ அளவுகள் போன்ற அந்தக் கால உடலமைப்புத் தரவுகளை அவர் நம்பினார். 1950-களிலேயே அந்த முறை உலக அளவில் கேள்விக்கு உள்ளாகிவிட்டது. 2010 முதல் வந்த மரபணு ஆய்வுகள், ஐரோப்பிய யூதர்களின் மூதாதையரில் கணிசமான பங்கு மேற்காசியாவைச் சேர்ந்தது என்றும் அதோடு ஐரோப்பியக் கலப்பு உண்டு என்றும் காட்டுகின்றன. கஸார் தோற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பாலஸ்தீனர்கள் தங்கள் வீட்டில் வாழும் உரிமை யாருடைய ரத்தப் பரிசோதனையையும் நம்பி இருக்கவில்லை. அதற்கு இப்படி ஒரு வாதம் தேவையே இல்லை. இந்த நூலை அவர் காலத்தின் ஆவணமாகப் படிக்கலாம், அறிவியல் முடிவாக இன்று பரப்பக் கூடாது.

களஆய்வு செய்யும் மானிடவியலாளர்களிடமிருந்து அவர் எப்படி வேறுபடுகிறார்?

நிறையவே. எகிப்தில் அந்த மரபும் வலுவானதுதான். 1940-களின் இறுதியில் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் அலெக்சாண்டிரியாவில் பாடம் நடத்தினார், அங்கே அஹ்மத் அபூ ஸைத் போன்றவர்கள் மானிடவியலை வளர்த்தார்கள். 1960-களின் தொடக்கத்தில், அஸ்வான் உயர் அணையால் ஊர்கள் மூழ்கும் முன்பாக, கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழு எகிப்தின் தெற்கே உள்ள நூபியக் கிராமங்களில் தங்கி வாழ்க்கையைப் பதிவு செய்தது. 1963, 64-இல் சுமார் 50,000 எகிப்திய நூபியர்கள் அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் மாற்றப்பட்டார்கள்.

ஹம்தான் மேலிருந்து பார்க்கிறார். அதனால் ஐயாயிரம் ஆண்டு நீளத்தை ஒரே வீச்சில் காட்ட முடிகிறது. ஆனால் ஒரு நூபியத் தாய் வீட்டைக் காலி செய்யும்போது என்ன சொன்னாள் என்பது அவர் பக்கங்களில் கேட்காது. மக்கள் ஒரே மாதிரியானவர்கள் என்று அழுத்திச் சொல்லச் சொல்ல, நூபியர்கள், பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் போன்றோரின் தனிக்குரல் அமுங்கிப் போகிறது. தனிமையில் எழுதியதன் விலை என்று முன்னால் சொன்னது இதையும் சேர்த்துத்தான். இரண்டு வகை எழுத்தையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கே எகிப்து முழுசாகத் தெரியும்.

சோவியத் ஒன்றியம் உடையும் என்று முன்பே சொன்ன தீர்க்கதரிசியாமே?

அரபு இதழ்களில் இப்படி அடிக்கடி எழுதுவார்கள். 1968-இல் வந்த ‘காலனியம், விடுதலை இவற்றின் வியூகம்’ என்ற நூலை இதற்குக் காட்டுவார்கள். தரை, கடல் வல்லரசுகளின் நீண்ட ஏற்ற இறக்கங்களை அலசும் நல்ல நூல் அது. ஆனால் ஒரு ஆய்வாளரை ஜோசியராக்கினால் அவருடைய வாதங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையை நாம் கைவிட்டுவிடுகிறோம். அவருக்கு அது மரியாதை இல்லை.

அவர் கொலை செய்யப்பட்டாரா?

1993 ஏப்ரல் 17 அன்று அவருடைய வீட்டில் தீக்காயங்களோடு சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். வயது 65. எரிவாயு விபத்து என்ற செய்தி முதலில் வந்தது. காயங்கள் அந்த விளக்கத்தோடு பொருந்தவில்லை என்று சொன்னவர்களும், யூதர்கள் மற்றும் சியோனிசம் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த கையெழுத்துப் படி காணாமல் போனது என்று சொன்னவர்களும் இஸ்ரேலிய உளவுத்துறையைச் சந்தேகித்தார்கள். எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாததை உண்மை போலச் சொல்லிப் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உயிரோடு இருந்தபோது மரியாதை கிடைத்ததா?

கிடைத்தது. 1986-இல் எகிப்து அரசின் சமூக அறிவியல் பாராட்டு விருது வந்தது. இறந்த பிறகு புகழ் இன்னும் கூடியது. தனிக்குறிப்புகளை அவருடைய சகோதரர் தொகுத்து வெளியிட்டார். 2020 கெய்ரோ சர்வதேசப் புத்தகக் கண்காட்சி அவரைத்தான் அந்த ஆண்டின் ஆளுமையாக அறிவித்தது.

அரபு தெரியாத நான் எங்கிருந்து தொடங்கலாம்?

1961 யுனெஸ்கோ தொகுப்பில் உள்ள பாசனக் கட்டுரையில் தொடங்குங்கள். அவர் மூளை எப்படி வேலை செய்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து ஆப்பிரிக்கத் தலைநகரங்கள் பற்றிய 1964 கட்டுரை. கொஞ்சம் அரபு படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பாகங்களில் நேரே குதிக்க வேண்டாம். 1967-இல் வந்த சிறிய பதிப்பை எடுத்து, பக்கத்தில் எகிப்தின் நில அமைப்பு வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் சொல்லும் ஒவ்வோர் இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தால் பாதி வாதம் வரைபடத்திலேயே விளங்கும்.